தெரிவின் வேர்கள்: கண்டியில் யுனிக்ஸ் வழி இயங்குதளங்கள்

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பின்னால் எழும் ஹந்தானை மலைத்தொடரின் பெயரை 1969இல் 'ஹந்தானே கதாவ' என்ற சிங்களத் திரைப்படம் நாடெங்கும் கொண்டுபோனது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதே பெயர் ஓர் இயங்குதளத்துக்கும் வந்தது. தனிஷ்க நவின் என்ற இலங்கையர் முன்னின்று, ஃபெடோரா லினக்ஸை அடித்தளமாகக் கொண்டு உருவாக்கிய 'ஹந்தான லினக்ஸ்' 2009ஆம் ஆண்டளவில் வெளிவரத் தொடங்கியது. டிவிடியைக் கணினியில் இட்டால், வன்தட்டில் எதையும் நிறுவாமலே முழு இயங்குதளத்தையும் ஓட்டிப் பார்க்கலாம். கல்வி, நிரலாக்கம், அலுவலக வேலை, பாட்டு, படம் என்று ஒரு வீட்டுக்கோ பாடசாலைக்கோ வேண்டிய மென்பொருள்கள் பெரும்பாலும் அந்த ஒரே தட்டுக்குள் இருந்தன.

உலகில் ஏற்கெனவே நூற்றுக்கணக்கான லினக்ஸ் வழங்கல்கள் இருக்க, இலங்கையிலிருந்து இன்னொன்று எதற்கு? இதைக் கேட்கத் தொடங்கினால் இன்னும் பெரிய கேள்வி ஒன்று எதிரே வந்து நிற்கிறது. ஒருவர் யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களுள் ஒன்றைத் தனதாக்கிக்கொள்வது எதனால்? கேட்டால் எல்லோரும் ரசனையைத்தான் காரணம் சொல்வார்கள். எனக்கு டெபியன் பிடிக்கும், ஆர்ச் கைக்குப் பழகிவிட்டது, ஃபிரீபிஎஸ்டியின் ஒழுங்கு மனதுக்கு ஒத்துப்போகிறது என்பார்கள். பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியு 1979இல் வெளியிட்ட தமது பெரும் ஆய்வில், ரசனை என்று நாம் நம்புவது வளர்ப்பும் கல்வியும் சமூகத்தில் நமக்குள்ள இடமும் சேர்ந்து உருவாக்கியது என்று வாதிட்டார். அவர் எடுத்துக்கொண்டவை இசையும் ஓவியமும் உணவும். கண்டி நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் வைத்துப் பார்த்தால் அந்த வாதம் இயங்குதளத்துக்கும் பொருந்துகிறது என்பது என் துணிபு. ஆய்வுகூடம், அயலில் உள்ள ஆட்கள், இணைய வேகம், மொழி, மின்சாரம் ஆகிய ஐந்தும் இங்கே ஒருவரின் தெரிவைப் பெருமளவுக்கு முன்கூட்டியே தீர்த்துவிடுகின்றன. அதற்குப் பின்னும் எஞ்சும் சிறு பங்குதான் அவரவர் விருப்பம்.

குடும்ப வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் தொடங்கிய யுனிக்ஸ் 1973இல் சி மொழியில் மாற்றி எழுதப்பட்டது. அதனால் ஒரு வகைக் கணினியிலிருந்து இன்னொரு வகைக்கு அதைக் கொண்டுபோக முடிந்தது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அதன் ஒரு கிளை பிஎஸ்டி என்று வளர்ந்தது. 1983இல் ரிச்சர்ட் ஸ்டோல்மன் குனு திட்டத்தை அறிவித்தார். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை வெளியிட்டார். 1993 என்ற ஒரே ஆண்டில் ஸ்லாக்வெயார், டெபியன், நெட்பிஎஸ்டி, ஃபிரீபிஎஸ்டி நான்கும் பிறந்தன. இன்று அப்பிளின் மாக் கணினிகளில் ஓடுவதும் இந்த வம்சம்தான். கோப்புகளை எளிய உரையாக வைத்திருப்பது, சிறு சிறு நிரல்களை ஒன்றோடொன்று கோத்து வேலை வாங்குவது, முனையத்தில் கட்டளை எழுதுவது ஆகியவை எல்லாக் கிளைகளிலும் பொதுவானவை. ஒன்றில் கற்றது மற்றொன்றில் வீணாவதில்லை. இந்தப் பொதுமையை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். தெரிவு பற்றிய பேச்சு கடைசியில் இங்கேதான் திரும்பி வரும்.

கண்டியில் யுனிக்ஸின் வீடு பேராதனை. 1952இல் கொழும்பிலிருந்து மகாவலிக் கரைக்கு வந்த பல்கலைக்கழகத்துக்கு 1964இல் பொறியியல் பீடமும் வந்து சேர்ந்தது. 1985இல் அங்கே கணினிப் பொறியியல் துறை தொடங்கியது. மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அபய இந்துருவ முன்னின்று 1990இல் தொடங்கிய கல்விசார் மின்னஞ்சல் சேவையிலிருந்து வளர்ந்ததே லேர்ன் எனப்படும் இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு. அதன் அலுவலகம் இன்று இயங்குவது பேராதனை வளாகத்தில். 2020 மார்ச்சில் கொரோனாவால் வளாகங்கள் மூடப்பட்டபோது நாட்டின் பல்கலைக்கழகங்களுக்கு சூம் வகுப்புகளை இந்த வலையமைப்பின் வழியாக நடத்த முடிந்தது. தொலைத்தொடர்பு நிறுவனங்களும் அதற்கான தரவுக்குக் கட்டணம் வாங்கவில்லை. அந்நாட்களில் மலையகத் தோட்டத்திலோ கிளிநொச்சியிலோ கைபேசியை உயரப் பிடித்து வகுப்புக் கேட்ட மாணவருக்கு வழங்கிகளும் வழிச்செலுத்திகளும் கண்ணில் படவில்லை. ஆனால் அவற்றைப் பராமரிக்கும் ஆட்கள் எதைப் பழகியிருக்கிறார்கள் என்பது ஒரு வட்டாரத்தின் கணினிப் பழக்கத்தில் ஆழமாக இறங்குகிறது.

முதலாண்டு மாணவர் ஒருவர் ஆய்வுகூடத்தில் அமர்கிறார். எதிரே உள்ள கணினியில் எந்த லினக்ஸ் நிறுவப்பட்டிருக்கிறதோ, அதன் முனையமும் பொதி நிறுவும் கட்டளையும் அவருக்கு லினக்ஸின் இலக்கணமாகப் பதிகின்றன. விடுதிக்குத் திரும்பித் தன் மடிக்கணினியில் நிறுவ நினைக்கும்போது பென்டிரைவைத் தருபவர் அக்பர் விடுதியில் அடுத்த அறையில் இருக்கும் சீனியர் அண்ணா. வயர்லெஸ் வேலை செய்யாவிட்டால் இரவு பதினொரு மணிக்குக் கதவைத் தட்டக்கூடிய ஆள் அவர். அந்த அண்ணாவிடம் ஃபெடோரா இருந்திருந்தால் இந்தத் தம்பியும் ஃபெடோராக்காரர் ஆகியிருப்பார். ஆய்வு நிறுவனங்களிலும் இதுவே நடக்கிறது. ஹந்தானை வீதியில் உள்ள தேசிய அடிப்படை ஆய்வுகள் நிறுவகமோ, கன்னொறுவையில் உள்ள தாவர மரபுவள நிலையமோ, மரபணு வரிசைகளை அலச வேண்டிய எந்த இடமானாலும், அந்த வேலைக்கான மென்பொருள்களில் பெரும்பகுதி லினக்ஸை நினைத்தே எழுதப்படுவதால் ஆய்வாளரின் விருப்பத்துக்கு இடம் குறைகிறது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. அருகில் உதவக்கூடியவர் இருப்பதை ஓர் இயங்குதளத்தின் தகுதிகளுள் முதலாவதாக எண்ண வேண்டும் என்றே நினைக்கிறேன். தொழில்நுட்ப ஒப்பீடுகள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. பொதி மேலாளரின் வேகத்தை அளக்கிறார்கள். கதவைத் தட்டினால் திறப்பவர் இருக்கிறாரா என்பதை அளப்பதில்லை.

விலை பற்றிய வாதமும் இங்கே வேறு விதமாகவே அமைந்தது. மேற்கில் லினக்ஸைப் பரிந்துரைப்பவர்கள் இலவசம் என்பதை முன்வைத்தார்கள். இலங்கையில் கணினி வாங்கும்போதே உரிமமில்லாத விண்டோஸை நிறுவித் தருவது பல காலம் கடைகளின் வழக்கமாக இருந்தது; வாங்குபவருக்கு அதுவும் இலவசமாகவே தோன்றியது. ஆகவே கண்டியில் ஒருவர் லினக்ஸின் பக்கம் வந்தாரென்றால் பணம் மிச்சம் என்ற எண்ணம் அவரை நகர்த்தியிருக்க வாய்ப்புக் குறைவு. படிப்பு, ஆர்வம், வைரஸ் தொல்லை, களவெடுத்த பொருளைப் பாவிக்க விரும்பாத மனச்சாட்சி ஆகியவைதான் காரணங்கள். கடைசியாகச் சொன்னதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லோரும் செய்வதால் பிழையில்லை என்றாகிவிட்ட ஒன்றை ஒரு மாணவர் தானாக விலக்கி, நேர்வழியில் கிடைக்கும் மென்பொருளைத் தேடிப் போவது மதிக்க வேண்டிய செயல்.

விலையைவிடப் பெரிய தடை, பதிவிறக்க வேகம். இந்நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் வீட்டு இணைப்பில் ஒரு முழு டிவிடியை இறக்குவது இரவு பகலாக நடக்கும் வேலை. உபுண்டுவை நடத்தும் கனோனிக்கல் நிறுவனம் ஷிப்இட் என்ற திட்டத்தின் மூலம் கேட்டவர்களுக்கெல்லாம் குறுந்தட்டை அஞ்சலில் இலவசமாக அனுப்பியது. 2011 ஏப்ரலில்தான் அதை நிறுத்தியது. அஞ்சல்காரர் கொண்டுவந்து கொடுத்த அந்த உறை, தெற்காசியாவில் உபுண்டு பெற்ற இடத்துக்கு அதன் நிரலாளர்கள் எழுதிய எதைவிடவும் குறைவான காரணமல்ல. ஹந்தான லினக்ஸின் பொருத்தத்தையும் இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள வேண்டும். ஃபெடோரா தன் கொள்கைப்படி காப்புரிமைச் சிக்கலுள்ள எதையும் சேர்ப்பதில்லை. எம்பி3 பாட்டைக் கேட்பதற்குக்கூட வேறு களஞ்சியத்திலிருந்து கூடுதல் பொதிகளை இறக்க வேண்டியிருந்தது. எம்பி3ஐ இசைக்கும் வசதியை 2016 இறுதியில் ஃபெடோராவே சேர்த்த பிறகுதான் அந்த நிலை மாறியது. வேகமான இணையம் உள்ளவருக்கு அது ஐந்து நிமிட வேலை. கட்டுகஸ்தோட்டையிலோ கம்பளையிலோ தொலைபேசிக் கம்பியை நம்பியிருந்தவருக்கு அது லினக்ஸைக் கைவிடப் போதுமான காரணம். எல்லாவற்றையும் ஒரே தட்டில் சேர்த்துக் கையில் கொடுத்ததுதான் ஹந்தான லினக்ஸ் செய்த உதவி. புதிதாக ஓர் இயங்குதளக் கருவை எழுதுவதோடு ஒப்பிட்டால் அது சிறிய வேலைதான். ஆனால் இந்த மண்ணின் தேவையை அறிந்தவரால் மட்டுமே செய்யக்கூடிய வேலை.

அத்தகைய வழங்கல்களின் பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஃபெடோரா ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒரு புதிய பதிப்பை வெளியிடுகிறது. ஒவ்வொரு பதிப்புக்கும் பதின்மூன்று மாதம் அளவிலேயே பராமரிப்பு உண்டு. அதன்மீது கட்டுபவர்களும் அதே வேகத்தில் ஓட வேண்டும். சில தன்னார்வலர்களின் மாலைநேரங்களை நம்பியிருக்கும் திட்டத்துக்கு அது பெரும் சுமை. அதனால்தான் சிறு வழங்கல்களைத் தெரிவுசெய்பவரிடம், அதைச் செய்பவர் சோர்ந்துபோனால் நீங்கள் எங்கே போவீர்கள் என்று கேட்பது அவசியமாகிறது. ஃபெடோரா வழிவந்த ஒன்றில் இருப்பவர் நேரே ஃபெடோராவுக்குப் போய்விடலாம். தாய்மரம் வலுவாக இருக்கும்வரை அந்தத் துணிச்சல் நியாயமானது.

இனி மொழிக்கு வருவோம். கண்டி மாவட்டத்தில் தமிழ் என்பது தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் மொழி, நகரத்து வணிகர்களின் மொழி, அக்குறணையிலிருந்து மடவளை வரை உள்ள முஸ்லிம்களின் மொழி. இவர்களில் படித்த இளைஞர் ஒருவர் ஒரு நாளில் ஆங்கிலம், சிங்களம், தமிழ் மூன்றிலும் தட்டச்சு செய்ய நேர்வது சாதாரணம். சிங்களத்துக்கு விஜேசேகர விசைமுறை. தமிழுக்கு இலங்கைத் தரக் கட்டளை எஸ்எல்எஸ் 1326:2008 ஏற்றுக்கொண்ட ரெங்கநாதன் விசைமுறை. தமிழ்நாட்டின் தரம் 1999இல் வந்த தமிழ்99. இரண்டுக்கும் அடிப்படையே வேறு. ரெங்கநாதன் பழைய தட்டச்சுப்பொறி வழி: 'கெ' என்று எழுத முதலில் கொம்பு, பிறகு ககரம். தமிழ்99இல் முதலில் மெய், பிறகு உயிர். விரல்களில் ஒன்று ஊறியவருக்கு மற்றொன்று எளிதில் வசப்படாது.

பெரும்பாலான லினக்ஸ், பிஎஸ்டி இயங்குதளங்கள் பயன்படுத்தும் எக்ஸ் விசைப்பலகைத் தரவுத் தொகுப்பில் இலங்கை என்ற தலைப்பின்கீழ்த் தமிழைத் தேடுங்கள். அங்கே இருப்பது தமிழ்நெட்99. இலங்கையின் தரமான ரெங்கநாதன் அந்தப் பட்டியலில் இல்லை. அதைப் பெற ஐபஸ் என்ற உள்ளீட்டு அமைப்பையும் எம்17என் என்ற பன்மொழித் தொகுப்பையும் தனியாக நிறுவி, அங்குள்ள பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். அறிந்தவருக்குச் சில நிமிடம். அறியாதவருக்கு லினக்ஸில் தமிழ் இல்லை என்ற முடிவு. கண்டி கச்சேரியில் பத்தாண்டாகத் தமிழ்க் கடிதம் அடிக்கும் ஓர் எழுதுவினைஞரை நினைத்துப் பாருங்கள். புதிய கணினியில் உபுண்டுவா டெபியனா என்ற விவாதம் அவருக்கு ஒரு பொருட்டில்லை. விரல் வைத்த இடத்தில் எழுத்து வருகிறதா என்பதே அவரது கேள்வி. பொருளியல் வரலாற்றாசிரியர் போல் டேவிட் 1985இல் ஆங்கிலத் தட்டச்சுப் பலகையை எடுத்துக்காட்டாக வைத்து, ஒருமுறை பரவிவிட்ட அமைப்பு, அதைவிடச் சிறந்தது வந்தாலும் இடம் விட்டுக்கொடுக்காது என்று விளக்கினார். பழகிய கைகளின் எண்ணிக்கையே அதற்கு அரண். ரெங்கநாதனுக்கும் அதே அரண் உண்டு. சட்டப்படி தரமாக அறிவிக்கப்பட்ட ஒன்று, இயங்குதளத்தை நிறுவும் முதல் திரையிலேயே கிடைக்க வேண்டும். இது நிரலாளர் ஒருவர் ஒரு வார இறுதியில் அனுப்பக்கூடிய திருத்தம். இலங்கைத் தமிழர் யாராவது இதைச் செய்து முடிக்க வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

பாமினி எழுத்துருவின் கதையும் இதோடு சேர்ந்தது. யூனிகோடு பரவுமுன் இலங்கை அச்சகங்களில் அரசோச்சியது அதுதான். திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கோப்பின் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். கோயில் அறிவித்தல், திருமண அழைப்பிதழ், தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரம், பாடசாலை ஆண்டு மலர் என்று ஒரு தலைமுறையின் தமிழ் ஆவணங்கள் அந்த வடிவில் கிடக்கின்றன. எழுத்துருவை லினக்ஸிலும் நிறுவலாம். ஆனால் அந்த ஆவணங்களை உருவாக்கிய பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் அங்கே ஓடாது. அச்சகக்காரர் விண்டோஸைவிட்டு அசையாததற்கு இதுவே காரணம். அவரைப் பழமைவாதி என்று சொல்வது நியாயமல்ல. அவரது பெட்டகம் முழுவதும் அந்தப் பூட்டுக்குள் இருக்கிறது.

தமிழ்ப் பயனாளர்கள்கூட அதிகம் கவனிக்காத இன்னொன்று அகரவரிசை. யூனிகோட்டில் தமிழ் எழுத்துகளுக்குத் தரப்பட்ட எண்வரிசை நமது நெடுங்கணக்கின் வரிசை அல்ல. னகரம் நகரத்தின் அருகிலும், றகரம் ரகரத்தின் அருகிலும், ளகரம் ழகரத்துக்கு முன்னாலும் வைக்கப்பட்டுள்ளன. வெறும் எண்ணைப் பார்த்து அடுக்கும் கணினி, கனகாவைக் கமலாவுக்கு முன்னால் கொண்டுவரும். வள்ளியை வழுதிக்கு முன்னால் நிறுத்தும். பகலவனுக்கு முன்னால் வரவேண்டிய பக்தனும் பின்னால் போய்விடுவான். பாடசாலை இடாப்பிலோ நூலகப் பட்டியலிலோ இது நடந்தால் தேடுபவருக்குப் பெயர் கிடைக்காது.

இதைத் திருத்துவது இயங்குதளத்தின் அடியில் உள்ள சி நூலகத்தின் வேலை. டெபியன், உபுண்டு, ஃபெடோரா, ஆர்ச் ஆகியவை பயன்படுத்தும் ஜிலிப்சி நூலகத்தில் இந்தியத் தமிழுக்கும் இலங்கைத் தமிழுக்கும் தனித்தனி இட அமைவுகள் உள்ளன. எழுத்துகளை அடுக்குவதற்கான தரவும் உண்டு. அல்பைன் லினக்ஸ் பயன்படுத்தும் மஸ்ல் நூலகமோ சிறிதாகவும் தெளிவாகவும் இருக்க வேண்டும் என்ற நோக்கில் எழுதப்பட்டது; மொழிக்கேற்ற வரிசைப்படுத்தல் அதில் இல்லை. ஓபன்பிஎஸ்டியும் சிக்கலைக் குறைப்பதற்காக, யூடிஎஃப்-8 எழுத்துகளைப் புரிந்துகொள்வதோடு நிறுத்திக்கொண்டது. வரிசை எந்த மொழிக்கும் எண்வரிசைதான். லிப்ரே ஆபீஸ் தனக்கென்று வேறொரு நூலகத்தைக் கொண்டிருப்பதால் அது எங்கே ஓடினாலும் தப்பிவிடும். கட்டளைக் கோட்டில் சோர்ட் கட்டளையை நம்புபவரும், அல்பைன் கொள்கலனில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை இயல்பான அமைப்பில் ஓடவிட்டுத் தமிழ்ப் பெயர்களை அடுக்குபவரும் தப்புவதில்லை. அளவு சிறிது என்பதற்காக அல்பைனை எடுக்கும் நிரலாளர் ஒருவர் தன் தாய்மொழியின் எழுத்துவரிசையை விட்டுக்கொடுத்ததை அறியாமலே போகலாம். ஆங்கிலத்தில் எழுதப்படும் எந்த ஒப்பீட்டுக் கட்டுரையும் இதைச் சொல்லாது. ஆங்கிலத்துக்கு இந்த இழப்பு பெரிதாகத் தெரிவதில்லை.

முனையமும் அப்படித்தான். வரைகலை இல்லாத லினக்ஸ் திரையில் தமிழைக் காட்டவே முடியாது. கூட்டெழுத்தைச் சேர்க்கும் திறனும் அதற்கில்லை, எழுத்து வடிவங்களுக்குப் போதிய இடமும் இல்லை. வரைகலை முனையங்களில் தமிழ் தெரியும். ஆனால் 'கொ' போன்ற எழுத்துகளுக்கு எத்தனை கட்டம் ஒதுக்குவது என்பதில் தடுமாறி, சுட்டி ஓரிடத்திலும் எழுத்து வேறிடத்திலுமாக நிற்கும். எம்எல்டேர்ம் போன்ற ஒருசில முனையங்கள் இந்திய எழுத்துகளை அக்கறையோடு கையாளுகின்றன. கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைக்கும் பழக்கம் உள்ளவருக்கு, எந்த வழங்கல் என்பதைவிட எந்த முனையம் என்பதே பெரிய தெரிவு. இடைமுகத்தின் மொழிபெயர்ப்பில் ஒரு காலத்தில் ஃபயர்பொக்ஸ் உலாவிக்கு இலங்கைத் தமிழ் என்று தனிப் பதிப்பே இருந்தது. பின்னர் அது நின்று, பொதுவான தமிழ்ப் பதிப்பு மட்டும் தொடர்கிறது. நமது வழக்கில் 'தெரிவு' என்றும் தமிழ்நாட்டு வழக்கில் 'தேர்வு' என்றும் திரையில் வருவது சிறு வேறுபாடுதான். ஆனாலும் ஒரு பதிப்பைக் காப்பதற்குப் போதிய கைகள் தொடர்ந்து கிடைக்கவில்லை என்பது வருத்தம் தருகிறது.

மின்சாரத்தை மறந்துவிட்டு மலைநாட்டில் கணினியைப் பற்றிப் பேச முடியாது. பருவமழைகளுக்கு இடைப்பட்ட மாதங்களில் பிற்பகல் இடிமழை வந்தால் கரண்ட் போய்வருவது கண்டியில் வழக்கம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு அமுலில் இருந்தது. மேசைக்கணினி எழுதிக்கொண்டிருக்கும்போதே அணைந்தால் கோப்புமுறை அதைத் தாங்க வேண்டும். லினக்ஸின் எக்ஸ்ட்4, தான் செய்யப்போவதை முதலில் ஒரு குறிப்பேட்டில் பதிந்துவிட்டுப் பிறகு செய்வதால் மறுதொடக்கம் விரைவாக முடிகிறது. ஃபிரீபிஎஸ்டியில் உள்ள இசட்எஃப்எஸ் பழைய தரவின்மீது எழுதாமல் புதிய இடத்தில் எழுதிவிட்டுப் பின்னர் மாற்றிக்கொள்வதால் பாதியில் நின்றாலும் குலைவதில்லை. ஓபன்பிஎஸ்டியின் கோப்புமுறையில் அத்தகைய குறிப்பேடு இல்லை. ஒவ்வொரு திடீர் அணைவுக்குப் பின்பும் வட்டு முழுவதையும் சோதித்துவிட்டே எழும். சில வேளைகளில் ஆளின் கையையும் எதிர்பார்க்கும். பாதுகாப்பில் அதற்கு இணையில்லை என்று மதிக்கும் நானே, யூபிஎஸ் இல்லாத மலைநாட்டு வீட்டு மேசைக்கணினிக்கு அதைச் சொல்லமாட்டேன்.

அதே 2022இல் டொலர் ஒன்று இருநூறு ரூபாய் அளவிலிருந்து சில மாதங்களில் முந்நூற்று அறுபதைத் தொட்டது. புதிய மடிக்கணினி பல குடும்பங்களுக்கு எட்டாத பொருளானது. பழையதைப் பழுதுபார்த்து ஓட்டுவதே வழியாயிற்று. மைக்ரோசொஃப்ட் 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான பொதுப் பராமரிப்பை முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 இன்டெலின் எட்டாம் தலைமுறைக்கு முந்திய பெரும்பாலான கணினிகளை ஏற்பதில்லை. நன்றாக ஓடும் ஒரு கணினியைக் காகிதத்தில் காலாவதி ஆக்கிவிட்ட நிலை இது. இந்த இடத்தில் லினக்ஸ், ஆர்வலர்களின் பொழுதுபோக்கு என்ற நிலையைத் தாண்டி, தோட்டப் பாடசாலை ஒன்றின் கணினி அறை தொடர்ந்து இயங்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. ஆனால் லினக்ஸுக்குள்ளும் கதவுகள் மூடப்படுகின்றன. உபுண்டு 32-பிட் கணினிகளை முன்னரே கைவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இலும் அவற்றுக்கான நிறுவி இல்லை. அத்தகைய மிகப் பழைய கணினி வைத்திருப்பவர் ஆண்டிஎக்ஸ் போன்ற சிறு வழங்கலையோ நெட்பிஎஸ்டியையோ நாட வேண்டும். அங்கே விருப்பம் என்ற பேச்சே எழுவதில்லை. எது ஓடுகிறதோ அதுதான்.

இத்தனையும் கழித்த பிறகு எஞ்சுவது என்ன? தன் கணினியைப் பற்றி ஒருவர் எவ்வளவு அறிய விரும்புகிறார் என்பது. ஒருவருக்கு வேலை நடந்தால் போதும். உபுண்டுவோ மின்டோ அவரைக் கேள்வி கேட்காமல் பார்த்துக்கொள்கின்றன. இன்னொருவர் ஆர்ச்சின் கையேட்டை வரிவரியாகப் படித்துத் தானே ஒவ்வொரு பகுதியையும் சேர்க்கிறார். அந்த நேரம் அவருக்குச் செலவல்ல, படிப்பு. மூன்றாமவருக்குக் கருவும் அடிப்படைக் கருவிகளும் கையேடும் ஒரே குழுவின் கையிலிருந்து வர வேண்டும். அவர் ஃபிரீபிஎஸ்டியில் நிம்மதி அடைகிறார். நான்காமவர், தான் படித்து விளங்கிக்கொள்ள முடியாத எதையும் நம்ப மறுக்கிறார். தியோ டி ராட் 1995இல் தொடங்கிய ஓபன்பிஎஸ்டி அவருக்கானது. இந்த வேறுபாடுகள் வசதியைப் பற்றியவை அல்ல. ஒருவருக்குத் தன் அறிவோடும் பிறரின் உழைப்போடும் உள்ள உறவைப் பற்றியவை. சிஸ்டம்டி என்ற ஒரே மென்பொருளைப் பற்றி டெபியன் சமூகம் 2014இல் வாக்கெடுப்புவரை போனதும், தோற்ற தரப்பில் சிலர் பிரிந்து டெவுவன் என்ற தனி வழங்கலைத் தொடங்கியதும் அதனால்தான். கணினி எழும்போது எந்த நிரல் முதலில் ஓடுவது என்ற சிறு விடயத்துக்கு ஏன் இத்தனை கோபம் என்று வெளியாருக்குத் தோன்றும். தன் கருவியைத் தான் புரிந்துகொள்ளும் உரிமை கைவிட்டுப் போகிறது என்று அவர்கள் உணர்ந்தார்கள். அந்த அச்சத்துக்கு நான் முழுதும் உடன்படவில்லை. ஆனால் அதை மதிக்கிறேன்.

இந்தக் கடைசி வகை விருப்பத்துக்குப் பல்கலைக்கழகம் இடம் கொடுக்க வேண்டும். ஆய்வுகூடத்தில் ஒரே வழங்கல் இருப்பது பராமரிப்புக்கு எளிது. ஆனாலும் ஒரு மூலையில் ஒரு ஃபிரீபிஎஸ்டி, ஓர் ஓபன்பிஎஸ்டி, ஓர் அல்பைன் இருந்து, ஒரே நிரலை மூன்றிலும் தொகுத்துப் பார்க்கும் பயிற்சி நடந்தால், யுனிக்ஸ் வேறு உபுண்டு வேறு என்பது மாணவருக்குக் கையாலேயே புரியும். தமிழ்ப் பெயர்ப் பட்டியல் ஒன்றை மூன்றிலும் அடுக்கிப் பார்க்கச் சொன்னால், எந்த இடத்தில் தன் பங்களிப்புத் தேவை என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும்.

கண்டியில் யாராவது என்னிடம் எதை நிறுவுவது என்று கேட்டால், முதலில் உங்கள் அயலில் லினக்ஸ் அறிந்தவர் யார், அவர் எதைப் பாவிக்கிறார் என்று கேட்பேன். ஒருவர் இருந்தால் அவரிடம் உள்ளதையே நிறுவுங்கள் என்பேன். ஒருவரும் இல்லையென்றால் டெபியன். பராமரிப்புக் காலம் நீளம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் பதிப்புக்காக அவசரப்பட வேண்டியதில்லை. பழைய 64-பிட் கணினியிலும் எக்ஸ்எஃப்சிஇ மேசைத்தளத்தோடு நன்றாக ஓடும். அதன் வழிவந்த வழங்கல்கள் ஏராளம் என்பதால் நாளைக்கு வேறிடம் போவதும் எளிது. நிறுவும்போது இல்லக் கோப்புறைக்குத் தனிப் பகிர்வு ஒதுக்குங்கள். இயங்குதளத்தை மாற்றினாலும் உங்கள் கோப்புகள் இருந்த இடத்தில் இருக்கும். மேசைக்கணினி என்றால் சிறியதாயினும் ஒரு யூபிஎஸ் வேண்டும். நிறுவி முடித்ததும் ஐபஸையும் எம்17என்னையும் சேர்த்து ரெங்கநாதனைத் தெரிவுசெய்யுங்கள். தமிழ்99 பழகியவர் அதையே வைத்துக்கொள்ளலாம். இலங்கைத் தமிழ் இட அமைவையும் உருவாக்கிவிட்டு, கமலா, கனகா, வழுதி, வள்ளி என்ற நான்கு பெயர்களைக் கலைத்து ஒரு கோப்பில் எழுதிச் சோர்ட் கட்டளைக்குக் கொடுத்துப் பாருங்கள். இதே வரிசையில் திரும்பி வந்தால் எழுத்துகளுக்கான தரவு சரியாக அமைந்திருக்கிறது.